சகலையின் பச்சை பியூக்

மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரத்தில், எங்கள் தெருவில், நார்பர்ட் குபியாக்கைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய காரைப் பற்றித்தான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆற்றோரத்து ஹாம்பர்கர் கடை முன்னால் பழைய கார்கள் வரிசையாக நிற்கும். அதில் நார்பர்ட்டின் கரும்பச்சை பியூக்கைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கும். எழுபதாம் ஆண்டு வண்டி. அவர் முப்பது வருடம் வேலை பார்த்த அதே ஆலையில் செய்தது. பானட்டைத் தூக்கினால் உள்ளே முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

அவருடைய சகலை வெர்னன் டட்டிலிடமும் அதே வண்டி ஒன்று இருந்தது. ஐரீனும் வாண்டாவும் அக்கா தங்கைகள். ஐரீனை நார்பர்ட்டும் வாண்டாவை வெர்னனும் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஆலையில் வேலை. தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடியில் ஒரே கோடையில் ஒரே நிறத்தில் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். ஒற்றுமை அதோடு முடிந்தது.

நார்பர்ட் வண்டியை ஓட்டினார். ஓட்டினார் என்றால் சும்மா இல்லை. சனிக்கிழமை ஆனால் நெடுஞ்சாலையில் கண்டவனோடும் பந்தயம் விட்டார். மான் வேட்டைக்கு வடக்கே காட்டுப் பாதையில் கொண்டுபோனார். மூத்த மகள் பிறந்தபோது ஐரீனைக் கொட்டும் பனியில் அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மிச்சிகன் குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு இரும்பைச் சும்மா விடாது. பத்து வருடத்தில் தரைத்தகட்டில் ஓட்டை விழுந்து, கால் வைக்கும் இடத்தில் ரோடு ஓடுவது தெரிந்தது. அப்போதும் அதை விற்க அவருக்கு மனம் வரவில்லை. வெல்டிங் கற்றுக்கொண்டார். தகடு தகடாக வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தார். பெயின்ட் அடித்தார், பிடிக்காமல் சுரண்டிவிட்டு மறுபடியும் அடித்தார். பிள்ளைகள் வளர்ந்து போகும்வரை அந்த வேலை நடந்தது. முடிந்தபோது, ஆலையிலிருந்து வந்த நாளில்கூட அந்த வண்டி அத்தனை அழகாக இருந்ததில்லை.

வெர்னன் வேறு மாதிரி ஆள். சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, உறை கிழிந்துவிடும் என்று அதன்மேல் துண்டு விரித்து உட்காருகிறவர். காரை வாங்கிய மறு வருடமே காப்பீட்டுக் கட்டணத்தைப் பார்த்து மிரண்டுபோய், அதைக் கராஜில் மரக்கட்டைகள் மேல் ஏற்றி, பழைய படுக்கை விரிப்புகளால் மூடிவிட்டார். ஓட்டினால் தேயும். அவ்வளவுதான் அவருடைய யோசனை. கோடையில் ஒருமுறை இறக்கி, தேவாலயம் வரை போய் வந்து, மறுபடி கட்டைமேல் ஏற்றுவார். அதன்மேல் அவருக்கு ஆசை இருந்தது என்றும் சொல்ல முடியாது. தூக்கிப் போட மனம் வராத சாமான்களில் அதுவும் ஒன்று.

பல வருடங்கள் நார்பர்ட் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஈஸ்டர் விருந்தில் எல்லோர் முன்னாலும், "வெர்னன் கராஜ்ல ஒரு பொணத்தைப் படுக்க வச்சிருக்கான், வருஷத்துக்கு ஒருதரம் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவான்" என்பார். வெர்னனும் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நின்றது ஒரு வெள்ளிக்கிழமை. ஸாகினா என்ற ஊரிலிருந்து யாரோ ஒருவன் ஒரு பழைய காரைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினான். பெயின்ட் மங்கி, கதவோரத்தில் உதிர்ந்து, இருக்கை நூல் பிரிந்த வண்டி. யார் கையும் படாத, செய்தபடியே இருக்கிற, அதிகம் ஓடாத வண்டி என்று அட்டையில் எழுதி வைத்திருந்தான். நார்பர்ட்டைச் சுற்றி நின்ற கூட்டம் ஒவ்வொருவராகக் கழன்று அந்தப் பக்கம் போயிற்று. முழங்கால் போட்டு அடியில் எட்டிப் பார்த்தார்கள். தொடக்கூடப் பயந்தார்கள். இந்தக் காலத்தில் இதற்குத்தான் விலை, புதுப்பித்ததற்கு இதில் பாதிகூட வராது என்று ஒருவர் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நார்பர்ட் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு வயிற்றில் ஒரு காந்தல். சகலையின் கராஜ் நினைவாகவே இருந்தார். உழைத்தவன் நான், ஒன்றுமே செய்யாதவன் அவன். செய்யாததற்கு ஒரு பெருமையா, அதற்கு ஒரு விலையா என்று மனசு புழுங்கியது. ஐரீனிடம் அதைச் சொல்லவில்லை. வெர்னன் வீட்டுக்குப் போனால் மட்டும் கராஜ் பக்கம் பார்க்காமல் உள்ளே போவார். ஈஸ்டர் விருந்தில் பொணத்தின் பேச்சை எடுப்பதையும் விட்டுவிட்டார்.

வாண்டாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, பனி இல்லாத ஃபுளோரிடாவுக்குக் குடிபோவது என்று முடிவானது. வீட்டை விற்றார்கள். மிச்சம் இருந்தது கார். வெர்னனுக்கு அதன் விலை தெரியாது. விஷயம் தெரிந்தவர் என்று நார்பர்ட்டைக் கூப்பிட்டார்.

நார்பர்ட் விரிப்பை விலக்கினார். ஒன்பதாயிரம் மைல்கூட ஓடாத வண்டி. இன்ஜினுக்குப் பின்னால் தகட்டில், ஆலையில் சோதித்து அனுப்பியவன் மஞ்சள் மெழுகுக்கோலால் கிறுக்கிய குறி அப்படியே இருந்தது. கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் வழிந்து உறைந்த ஒரு சொட்டு. ஆலையில் அவசரத்தில் நடந்த பிசகுகள். தன் வண்டியில் இவை ஒவ்வொன்றையும் தேடித் தேடி அழித்தது அவருக்கு நினைவு வந்தது. பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து சாத்தினார். கனமான, அடக்கமான ஒரு சத்தம். இருபது வயதில் கேட்ட சத்தம். அவருடைய வண்டியில் எத்தனை முறை கீல் மாற்றியும் அது திரும்பி வரவில்லை.

"என்ன, தேறுமா?" என்று வெர்னன் கேட்டார்.

உண்மையைச் சொல்ல நார்பர்ட்டுக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அதைச் சொல்லவில்லை. "பெயின்ட் செத்துப்போச்சு வெர்னன்" என்றார். "இப்படியே வித்தா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. எங்கிட்ட விடு. தேய்ச்சு, புதுசா அடிச்சுத் தர்றேன்."

"அதுக்கு எவ்வளவு ஆகும்?"

"உங்கிட்ட காசு வாங்குவேனா?"

இலவசம் என்றதும் வெர்னனின் முகம் மலர்ந்தது. அன்றே வண்டி நார்பர்ட்டின் கராஜுக்கு வந்து, அவருடைய வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று நன்றாக உடுத்தியும் மற்றது கசங்கியும் நிற்பதுபோல இருந்தது என்று ஐரீன் பிறகு சொன்னாள். ஆனால் நார்பர்ட்டின் பார்வை அந்தக் கசங்கிய வண்டியை விட்டு நகரவில்லை.

அவர் தெரிந்துதான் செய்தார். புதிய பெயின்ட் ஏறிவிட்டால் அதுவும் நூற்றோடு நூற்றொன்று. அப்புறம் யாரும் முழங்கால் போட மாட்டார்கள். மறுநாள் காலை உணவை முடித்துவிட்டு, தேய்க்கும் பசையைத் துணியில் எடுத்து, இடது முன்சக்கரத்துக்கு மேலே தேய்க்க ஆரம்பித்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு வந்தது. இன்னும் அழுத்தினார். பச்சை மெலிந்து உள்ளே சாம்பல் நிறப் பூச்சு எட்டிப் பார்த்தது. நார்பர்ட்டின் கை நின்றுவிட்டது. குழந்தையைக் கோபத்தில் அடித்துவிட்டு அதன் கன்னத்தைப் பார்க்கிறவர்போல நின்றார்.

காப்பி கொண்டுவந்த ஐரீன் இதைப் பார்த்தாள். அவளுக்கு இந்த வண்டிகளோடு நாற்பது வருடப் பழக்கம்.

"இதைத் தொடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

ஐரீன் காப்பியை வேலைமேசையில் வைத்தாள். "என் தங்கச்சி புருஷன் ஒரு மண்ணாந்தை. அவன்மேல போய் உனக்கு வயித்தெரிச்சலா? நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று பகல் முழுவதும் அவரோடு பேசவில்லை.

நார்பர்ட் பசை டப்பாவை மூடினார். வெர்னனுக்குப் போன் செய்து, தான் சொன்னது தப்பு, வண்டியை இப்படியே விற்பதுதான் லாபம் என்றார். ஏன் என்பதைச் சொல்லவில்லை. தேய்த்ததையும் சொல்லவில்லை. பழைய கார்க்காரர்களின் பத்திரிகையில் அவரே விளம்பரம் கொடுத்தார். போன் மேல் போன் வந்தது. ஒவ்வொரு குரலிலும் இருந்த பரபரப்பைக் கேட்கக் கேட்க அவருக்குக் காந்தல் கூடியது. தன் வண்டிக்கு இப்படி ஒருவரும் ஒருநாளும் போன் செய்ததில்லை.

விஸ்கான்சினிலிருந்து ரோஸ்மேரி லுண்ட் என்ற அம்மாள் டிரக்கும் டிரெய்லருமாக வந்தார். பால்பண்ணை இயந்திரங்கள் விற்கிறவர், அறுபது வயதிருக்கும். அப்பா பியூக் விற்பனைக்கடை வைத்திருந்தாராம். கராஜுக்குள் நுழைந்ததும் நார்பர்ட்டின் வண்டியைப் பார்த்து, "அழகா பண்ணியிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டார்ச் விளக்கோடு வெர்னனின் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மெழுகுக்கோல் குறியைப் பார்த்து உள்ளிருந்தபடியே சிரித்தார். வழிந்த சொட்டை விரலால் தொட்டும் தொடாமலும் தடவினார். வெர்னனுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுக்கைப் பார்த்து இந்த அம்மாள் ஏன் இத்தனை சந்தோஷப்படுகிறார் என்று நார்பர்ட்டின் காதில் கேட்டார். நார்பர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இடது முன்சக்கரத்துக்கு மேலே டார்ச் வெளிச்சம் வந்து நின்றது. போகவில்லை.

"இதை யாரு தேய்ச்சது? புதுசா இருக்கே" என்றார் ரோஸ்மேரி.

வெர்னன் சகலையைப் பார்த்தார். துடைக்கும்போது பட்டது என்று நார்பர்ட் சொல்லியிருக்கலாம். வெர்னன் நம்பியிருப்பார். அந்த அம்மாளும் போகட்டும் என்று விட்டிருப்பார்.

"நான்தான். பொறாமையில தேய்ச்சேன்" என்றார் நார்பர்ட்.

வெர்னன் அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். ரோஸ்மேரி டார்ச்சை அணைத்தார். வண்டியைக் கட்டாயம் எடுத்துக்கொள்வதாகவும், இந்த இடத்துக்காகப் பேசிய விலையில் இரண்டாயிரம் டாலர் குறைப்பதாகவும் சொல்லிவிட்டு, இவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று வெளியே டிரக்குக்குப் போனார்.

வெர்னன் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டாயிரம் டாலர் என்பது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. ரொட்டி வந்த காகிதப் பையைக்கூட மடித்து வைக்கிற மனிதர். நார்பர்ட் வசவுக்குத் தயாராக நின்றார்.

"எம்மேலயா பொறாமை?" என்றார் வெர்னன் கடைசியில்.

"ஆமா."

"எங்கிட்ட என்னப்பா இருக்கு? இந்த வண்டியை ஓட்டக்கூட எனக்குத் துணிச்சல் வரல. வாண்டா இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டறா."

"அதுதான் வெர்னன். நீ ஒண்ணுமே பண்ணல. அந்தம்மா அதைப் பார்த்துத்தான் மண்டி போட்டாங்க. என்னுது பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

வெர்னன் எழுந்து தன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார், முதல் தடவை பார்ப்பதுபோல. பிறகு, குறைத்த பணத்தை நான் தருகிறேன் என்று நார்பர்ட் சொன்னபோது, வேண்டாம் என்று கையசைத்தார். வெர்னன் டட்டில் பணத்தை வேண்டாம் என்றதை எங்கள் ஊரில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஐரீன் இன்றுவரை நம்பவில்லை.

வண்டி போன பிறகுதான் நார்பர்ட்டுக்கு உண்மையான தண்டனை தொடங்கியது. தேவாலயத்தில் மீன் வறுவல் விருந்து நடந்த மாலை வெர்னன் மேசை மேசையாகப் போனார். திட்டவில்லை, குறை சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி. "விஷயம் தெரியுமா? நார்பர்ட்டுக்கு எம்மேல பொறாமையாம். பொறுக்க முடியாம என் வண்டியைத் தேய்ச்சுட்டான்" என்று சீட்டுக்கட்டு நண்பர்களிடம் சொன்னார், பழைய ஆலைக்காரர்களிடம் சொன்னார், பாதிரியாரிடமும் சொன்னார். என்னிடமே இரண்டு முறை சொன்னார். வாழ்நாளெல்லாம் விருந்துகளில் கேலிக்கு ஆளான மனிதர், முதல்தடவையாகத் தன் கதையைத் தானே சொன்னார். கூடத்தின் மறுகோடியில் நார்பர்ட் காது சிவக்கத் தட்டில் மீனைக் கிளறிக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை. மறுக்கவும் இல்லை. அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்து அவருக்கு இன்னும் எரிந்ததாம், ஐரீனிடம் சொல்லியிருக்கிறார்.

வெர்னனும் வாண்டாவும் ஃபுளோரிடா போய்ச் சேர்ந்தார்கள். வெர்னன் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வார். வெயில், ஆரஞ்சுப் பழத்தின் விலை, வாண்டாவின் கால் எல்லாம் முடிந்ததும், குரலைத் தாழ்த்தி, "எம்மேல பொறாமை இப்பவும் இருக்கா?" என்று கேட்பார்.

"இருக்கு" என்பார் நார்பர்ட். மறுமுனையில் திருப்தியாக ஒரு செருமல் கேட்கும்.

ஒரு ஞாயிறு, போதும் என்று நினைத்து, "இல்ல வெர்னன், போயிடுச்சு" என்று சொல்லிப் பார்த்தார். வெர்னன் வேறொன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் வாண்டா தன் அக்காவைக் கூப்பிட்டு, இந்த மனுஷன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை, அங்கே என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

ஐரீன் ரிசீவரை அப்படியே நார்பர்ட்டிடம் நீட்டினாள். அவர் வெர்னனைக் கூப்பிடச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே அவருடைய கார் வெயிலில் கண்ணைப் பறித்துக்கொண்டு நின்றது. தெருவில் போன இருவர் நின்று அதைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் இருக்கு வெர்னன். காலையில சரியா யோசிக்காம சொல்லிட்டேன்" என்றார்.

அது பொய் இல்லை.