தங்கையின் கட்டில்

அந்த மெஷினைத் தையல் மெஷின் என்று நினைத்துத்தான் விலை கேட்டேன்.

எங்கள் தேவாலயத்தில் வருடா வருடம் பழைய பொருள் விற்பனை நடக்கும். வீட்டில் வேண்டாத சாமான்களை எல்லாரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கார் நிறுத்துமிடத்தில் மேசை போட்டு விற்போம். அந்த வருடம் ஒரு மேசைக்குக் கீழே, பீங்கான் தட்டுகளுக்கும் ஒரு குழந்தை சைக்கிளுக்கும் நடுவில் அது இருந்தது. வளைந்த இரும்புக் கை, அதற்கு நேர் கீழே ஒரு சின்ன மேடை, கையின் நுனியில் ஊசி போல ஏதோ ஒன்று. துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம் மாதிரிகூட ஒன்று தொங்கியது. இளவயதில் தைத்துப் பழகியவள் நான். மறுபடி தைக்கலாமே என்று தோன்றியது.

மேசைக்குப் பின்னால் நின்ற பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏம்மா, இது துணி தைக்கிற மெஷின் இல்ல லா. ஸ்க்ரோல் சா. மரத்தை டிசைன் டிசைனா அறுக்கிறது."

"தெரியும். அதுக்குத்தான் கேக்குறேன்," என்றேன்.

பக்கத்தில் இரண்டு பேர் சிரிக்கத் தயாராக நின்றார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே வாங்கினேன். தங்கை கூட இருந்திருந்தால், "உனக்கு எதுக்கு இது, வா அக்கா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி அப்போது நாலு மாதம்.

என் தங்கைக்கு ஐம்பத்து நாலு வயதில் கல்யாணம் நடந்தது. அதுவரை தெம்பனிஸில் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும், இருபத்திரண்டு வருடம். நான் ஒரு பல் கிளினிக்கில் வருகிறவர்களின் பெயரைப் பதிந்து உட்காரவைக்கும் வேலையில் இருந்தேன், இன்னும் இருக்கிறேன். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. ஒரு காலத்தில் எங்களுக்கு வரன் பார்த்தார்கள். அமையவில்லை. பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து வருத்தப்பட்டதாக நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் லிட்டில் இந்தியாவுக்கு நடப்போம். எங்கள் வாயில் அது எப்போதும் தேக்காதான். ஒரு மசால் தோசை, ஒரு பூரி செட் வாங்கி ஆளுக்குப் பாதி. பிறகு காய்கறி, மீன், ரயில், வீடு.

அவள் பூசையில் பாடுவாள். அங்கே கீபோர்டு வாசிப்பவர், செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவர்கள் இருவரும் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் சமையலறையில் வந்து நின்றாள். "அக்கா, அவரு கேட்டாரு. நான் சரின்னு சொல்லிட்டேன்."

"நல்லது," என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். சிராங்கூன் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிச் சேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். இரண்டு பெட்டிகளோடு கிளம்பும்போது, "என் கட்டிலைத் தூக்கிப் போட்டுடு அக்கா. ரூமை வேணா வாடகைக்கு விடு," என்றாள். நான் இரண்டையும் செய்யவில்லை. கதவைச் சாத்தி வைத்திருந்தேன். பழக்கத்தில் வாரம் ஒரு தடவை கூட்டுவேன்.

மெஷினை வைக்க வீட்டில் வேறு இடமில்லை. அவள் அறையில், ஜன்னலோரம், அவள் எழுதுமேசைமேல் வைத்தேன். யூடியூபில் பார்த்துப் பழகினேன். பிளேடு நூல் மாதிரி மெல்லியது. ஆனால் பல் இருக்கும். அதன் இரு முனையையும் மேலும் கீழும் இறுக்கி, விரலால் சுண்டினால் தந்தி போல ஒலிக்க வேண்டும். தொய்வாக இருந்தால் கோடு தடம் மாறும். அதிகம் தள்ளினால் டப் என்று ஒடியும். முதல் வாரத்தில் பதினோரு பிளேடு ஒடித்தேன். தையலில் கை எப்படித் துணியைத் திருப்புமோ, இங்கே அப்படி மரத்தைத் திருப்ப வேண்டும் என்பது மெல்ல மெல்லப் பிடிபட்டது. காகிதத்தில் வரைந்து மரத்தில் ஒட்டி, அந்தக் கோட்டிலேயே போக வேண்டும். உள்ளே ஓட்டை வேண்டுமானால் முதலில் துளையிட்டு, பிளேடைக் கழற்றி அதற்குள் நுழைத்து மறுபடி மாட்ட வேண்டும். கண்ணும் கையும் முழுவதும் அதில் போய்விடும். மணி பார்த்தால் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். வேலை முடிந்து வந்தால் படுக்கும்வரை கிடக்கும் நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன்.

ஒரு நாள் கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் தட்டினார். கூரை அதிர்கிறதாம். பழைய யோகா பாயை நாலாக மடித்து மெஷினுக்கு அடியில் வைத்தேன். ஒரு மரப் பூனையும் அறுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கிய பலகை தீர்ந்த ஒரு சனிக்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே போக மனம் வரவில்லை. தங்கையின் கட்டிலில் மெத்தைக்குக் கீழே பன்னிரண்டு குறுக்குச் சட்டங்கள் உண்டு. அதில் ஒன்று முன்பே ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். நல்ல கெட்டி மரம், அறுக்க அறுக்கச் சிவந்த தூள் விழுந்தது, லேசாக இனித்த வாசனை. அதில் ஒரு மீன் செய்தேன். ஏழு துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கிற மாதிரி. என் கையில் முதன்முதலாகச் சரியாக வந்த பொருள் அது.

ஒரு சட்டம் போனால் கட்டில் தாங்கும். இரண்டாவதும் போனது. பிறகு ஒன்று விட்டு ஒன்று எடுத்தேன். மெத்தை தொங்க ஆரம்பித்ததும் நகராட்சி மன்றத்துக்குப் போன் செய்து மெத்தையை எடுக்கச் சொல்லிவிட்டேன். அவள்தான் தூக்கிப் போடச் சொன்னாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்ப்பாள், கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசுவாள், பிறகு அவரோடு காரில் போய்விடுவாள். நான் தேக்காவில் ஒரு தோசை வாங்கி முழுசாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இன்னொரு சட்டத்தை எடுப்பேன். சில நாள் கோபத்தோடு அறுத்திருக்கிறேன். கோபத்தில் அறுத்தால் பிளேடு சீக்கிரம் ஒடியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழைப்பு மணி அடித்தது. தங்கை நின்றாள். தோளில் ஒரு பை. அழுது முகம் வீங்கியிருந்தது.

"ரெண்டு நாள் இருக்கட்டுமா அக்கா?"

"இது என்ன கேள்வி? உள்ள வா."

சமைத்துக்கொண்டிருந்தபோது அவர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அவளுடைய பெயரைச் சொல்லி அல்ல, இறந்துபோன மனைவியின் பெயரைச் சொல்லி. "இது மூணாவது தடவ. முதல் ரெண்டு தடவ நான் சிரிச்சிட்டேன். இன்னிக்கு முடியல. கரண்டிய அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்."

முப்பது வருடம் ஒரு பெயரைச் சொன்ன வாய், தவறி வருவதுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "நீ இங்கயே இரு," என்றேன்.

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். பிறகு, "அக்கா, என் கட்டில் எங்க?"

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். சுவரோரம் கட்டிலின் தலைப்பலகையும் மூன்று சட்டங்களும் சாய்ந்திருந்தன. ஜன்னல் மேடையில் ஐந்து மீன், ஒரு கோழியும் குஞ்சுகளும், ஒரு யானை, இலைகள், ஒரு சிலுவை. தரையெல்லாம் சிவப்புத் தூள்.

"நீதான தூக்கிப் போடச் சொன்ன."

"தூக்கிப் போடத்தான் சொன்னேன். அறுக்கச் சொன்னேனா?" என்றாள். கோழிக்குஞ்சு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வர வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று என் கட்டிலில் இருவரும் நெருக்கிப் படுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து ஓடி வந்தேன். சாம்பார் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு நான் அறுக்க உட்கார்ந்தேன். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, நான் அறுத்துப் போடும் துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்தாள். ஓரம் மழமழவென்று ஆகும்வரை விடமாட்டாள். மெஷின் சத்தத்தில் பேச முடியாது, பேசவும் தேவையிருக்கவில்லை. அவள் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நன்றாக இருக்காது. அவர் இன்னும் இரண்டு தடவை அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்கு வரமாட்டேன் என்றாள். அங்கே அவர் வாசிப்பார். நானும் போகவில்லை. பதினொரு மணிக்கு மேல் கோப்பி வாங்கக் கீழே இறங்கினேன். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. பூசை முடிந்ததும் நேரே வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, அவளோட பிரஷர் மாத்திரை. விட்டுட்டு வந்துட்டா. ரெண்டு நாளா போட்டிருக்க மாட்டா." ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை நீட்டினார். "மேல வரலாமான்னு தெரியல. போன் எடுக்க மாட்றா. நான் வேணும்னு சொல்லல அக்கா. வாயில வந்துருச்சு."

"அவ இப்பதான் தூங்குனா," என்றேன். "எழுப்ப வேணாம். நீங்க போங்க. சாயங்காலம் நான் போன் பண்றேன்."

"சரிக்கா," என்றார்.

அவள் தூங்கவில்லை. மேலே உட்கார்ந்து யானையின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது. கோப்பிக் கடையில் வரிசையில் நின்றேன், மின்தூக்கிக்குக் காத்திருந்தேன், திரும்பிப் போய் அவரைக் கூப்பிடவில்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்.

"கடையில கூட்டம்."

அவள் கோப்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனபோது, மாத்திரைப் பையை மேசை இழுப்பறையில் பிளேடுகளோடு போட்டு மூடினேன். பிறகு மெஷினை ஓட்டினேன். கோடு ஓர் இடத்தில், பிளேடு ஓர் இடத்தில் போனது. ஒன்று ஒடிந்தது. மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் ஒடிந்தது.

"இரு, நான் எடுத்துத் தர்றேன்," என்று அவள் எழுந்து இழுப்பறையைத் திறந்தாள்.

மெஷினை நிறுத்தினேன். அவள் பையைக் கையில் வைத்துக்கொண்டு அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். அவளுடைய பெயர்.

"இது எப்படி வந்துச்சு?"

"அவரு கீழ வந்திருந்தாரு."

"எப்ப?"

"நான் கோப்பி வாங்கப் போனப்ப. ஒரு மணி நேரம் இருக்கும்."

"என்ன சொல்லி அனுப்புன?"

"நீ தூங்குறன்னு சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. கையில் இருந்த தூளைக்கூடத் தட்டாமல், வீட்டுச் செருப்போடு வெளியே போனாள்.

தாழ்வாரத்துக்கு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். அவர் போயிருப்பார் என்றே நினைத்தேன். சற்று நேரத்தில் இருவரும் புளோக்கின் நிழலிலிருந்து வெளியே வந்து, நடைபாதை ஓரத்து மரத்தடியில் நின்றார்கள். அவர் போகவே இல்லை. அவள் எழுந்துவிட்டால் வருவாள் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டார். பிறகு அவள் தோளில் படிந்திருந்த மரத்தூளைத் தன் கைக்குட்டையால் தட்டிவிட்டார். அவள் தடுக்கவில்லை. நான் உள்ளே வந்து சோறு வைத்தேன்.

மூவரும் சாப்பிட்டோம். முதல் நாள் சாம்பார், நெத்திலி வறுவல். அவர் மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார். பட்டறைக்காரர் ஆயிற்றே, குனிந்து பார்த்து ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று இறுக்கினார். "நல்லா செய்றீங்கக்கா," என்று கோழியைத் தொட்டுச் சொன்னார். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்ததா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. மின்தூக்கிக் கதவு மூடும்போது, "வாரா வாரம் வர்றேன் அக்கா," என்றாள் தங்கை.

வாரா வாரம் வரவில்லை. அவர்கள் வீடு இருக்கும் செம்பவாங்கிலிருந்து தனியாக ரயில் மாறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், குறை சொல்ல முடியாது. மாதம் ஒரு தடவை வருகிறாள், அவரோடு. நன்றாக இருக்கிறாள். உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்காததால் அது அப்படியே இருக்கிறது. மிச்சமிருந்த மூன்று சட்டங்களும் அந்த மாதத்திலேயே தீர்ந்தன. இப்போது மரத்துக்கு ஜூரோங் பக்கம் ஒரு கிடங்குக்குப் போகிறேன். அங்கே வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தனியாகப் போட்டு வைப்பார்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

உயிர்ப்புத் திருவிழாவுக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. முழங்காலில் நின்று, பூசைக்குப் போகாத ஞாயிறு, வேலையிடத்தில் கோபப்பட்டது, கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். தடுப்பு வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் பொறுமையாகக் கேட்டார். "வேற ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

"இல்ல ஃபாதர்," என்றேன்.