கலனுக்குள் அணைந்த மெழுகுதிரி

1996 ஒக்டோபர் 12, சனிக்கிழமை. நேப்பிள்ஸிலிருந்து முதல்நாள் மாலை புறப்பட்ட கப்பல் விடியலில் பலெர்மோத் துறைமுகத்தை அடைந்தது. என் மனைவியின் தம்பி அருள் வாசலில் நின்றான். ஏழு வருடங்களுக்குப் பிறகு காண்கிறேன். முகம் அதேதான், குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. மணல் அரைபடும் குரல்.

"அசிட் புகை, அத்தான். ரெலிபோனிலை அக்காவே ஆரெண்டு கேட்டவா."

பழங்களைச் சீனிப்பாகில் ஊறவைத்து விற்கும் சிறிய தொழிலகம் ஒன்றில் அவனுக்கு வேலை. இந்த ஊர்த் தண்ணீர் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைப் போலச் சுண்ணாம்பு நிறைந்தது. பாகு காய்ச்சும் பெரிய உருக்குக் கலனின் உட்சுவரில் கல் படியும். அதை உப்பமிலம் ஊற்றித்தான் இதுவரை கரைத்தார்கள். மிச்சம் சாக்கடை வழியே கடலுக்குப் போனது. புகை அருளின் தொண்டைக்குப் போனது. எலுமிச்சையில் உள்ள சித்திரிக் அமிலத்தால் செய்து பார்க்கிறேன் என்று முதலாளியிடம் கெஞ்சி ஒரேயொரு தடவைக்கு அனுமதி வாங்கியிருந்தான். திங்கள் காலைக்குள் கலன் சுத்தமாகாவிட்டால் பழைய அமிலம்தான்.

ஒக்டோபர் 13, ஞாயிறு. பொலிதேயாமா அரங்கடியிலிருந்து வியா மக்வேதா வீதி வழியாக நடந்தேன். கடைகளெல்லாம் இரும்புக் கதவு இறக்கியிருந்தன. வுச்சீரியாச் சந்தையில் கழுவிய மீன் மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு பூனைகூட இல்லை. என் காலடிச் சத்தம் ஒரு கணம் பிந்தி எனக்குப் பின்னால் வந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

தொழிலகத்தில் அருளும், அவனோடு வேலை செய்யும் மன்னார்க்காரர் அந்தோனியும் மட்டும் இருந்தார்கள். கலனில் வெந்நீரும் அமிலத் தூளும். சுவரில் காதை வைத்தேன். உள்ளே ஏராளம் பேர் இரகசியம் கதைப்பதுபோல் ஓர் இரைச்சல். பிற்பகலில் அது மெல்லமெல்லக் குறைந்து நின்றுபோனது. நீரைப் பீப்பாய்களில் இறக்கி, மிஞ்சிய புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு கலந்தார்கள். வாடையே இல்லை.

"பாத்தீங்களே அத்தான், ஒரு மணமுமில்லை! நான் இறங்கிச் சுவரைத் தடவிப் பாக்கிறன்." அருள் ஏணியில் கால் வைத்துவிட்டான்.

"பொறடாப்பா." அந்தோனி சட்டைப்பையிலிருந்து ஒரு மெழுகுதிரி எடுத்தார். பெல்லெக்ரீனோ மலைக் குகையில் இருக்கும் புனித ரொசாலியாவிடம் இவ்வூர்த் தமிழர், சைவரும் வேதக்காரரும், ஞாயிறுகளில் ஏறிப் போவார்கள். அங்கே வாங்கிய திரி. அதைக் கொளுத்திக் கம்பியில் கட்டிக் கலனுக்குள் இறக்காமல் அந்தோனி யாரையும் உள்ளே விடமாட்டாராம்.

"அது அசிட் காலத்துப் பழக்கம், அந்தோனி அண்ணை. இது தேசிக்காய்ப் புளி. ரசத்துக்கும் பயப்பிடுவியளோ?"

"ரசத்துக்கை நீ குதிக்கேக்கை அதுக்கும் கொளுத்துவன். தள்ளு."

திரி இறங்கியது. பாதி ஆழத்தில் சுடர் சாய்ந்து, நீலமாகிச் சுருங்கி அணைந்தது. காற்றே இல்லை. திரியிலிருந்து கிளம்பிய புகை மேலே எழவில்லை. குளத்து நீரில் பாசி பரவுவதுபோல், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றின் மேல் தட்டையாகப் படர்ந்து மெதுவாக அசைந்தது. கலன் விளிம்புவரை நிறையாத ஒரு குளம்போல் இருந்தது.

அருள் ஏணியிலிருந்து காலை எடுத்தான்.

"குகைக்கை இருக்கிறவ வேண்டாமெண்டு சொல்லுறா," என்றார் அந்தோனி.

புளி பட்டால் சுண்ணாம்புக்கல் கரியமில வாயுவாகப் பொங்கும், காற்றைவிடக் கனமானது, மணமும் இல்லை, அதற்குள் இறங்கினால் மூச்சு அடைத்துவிடும் என்று பிறகு நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். திரி அணையும்வரை எனக்கு நினைவு வரவில்லை.

கலனின் அடிக் கதவைத் திறந்து, விசிறி வைத்துக் காத்திருந்தோம். மறுபடி இறக்கிய திரி அடிவரை எரிந்தது. அருள் இறங்கினான். "அத்தான்! கண்ணாடி மாதிரி இருக்கு!" கலனுக்குள்ளிருந்து அந்த மணல் குரல் பலராகி எதிரொலித்தது.

திங்கள் காலை முதலாளி உள்ளே எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பழைய அமிலப் போத்தல்களைத் திருப்பியனுப்பச் சொன்னார்.

ஒக்டோபர் 20, பாரிஸ். எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலிலும் கல் படியும். தேசிக்காய் பிழிந்தால் பொங்கிக் கரையும். பல வருடங்களாகச் செய்வதுதான். அந்தோனி தந்தனுப்பிய திரித்துண்டைக் கேத்திலுக்குப் பக்கத்தில் கொளுத்தினேன்.

"கேத்திலுக்கும் நேர்த்திக்கடனோ?" என்று மனைவி சிரித்தாள்.

தம்பி கால் வைத்த ஏணியைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. திரியை ஊதினேன். புகை நேராக மேலே போனது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.