வாலோடு கிடைத்த பல்லி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதம். கொடைக்கானலிலிருந்து கிளாவரை என்ற மலைக் கிராமத்துக்குப் போய் ஒரு வாரம் தங்கியிருந்தேன். போனது பல்லி பிடிக்க. சிரிக்காதீர்கள், என் படிப்பே அதுதான். அந்த மலைப் பாறைகளில் பகலில் நடமாடும் குட்டிப் பல்லி ஒன்று, இதுவரை யாரும் எழுதிவைக்காத புது இனம் என்று எனக்குச் சந்தேகம்.

சந்தேகம் மட்டும் போதாதே! புது இனம் என்று நிரூபிக்க, ஒரு தடவைகூட அறுபடாத வாலோடு ஒரு பல்லியாவது வேண்டும். அறுந்து மறுபடி முளைத்த வாலில் செதில் வரிசை மாறிவிடும். எனக்கோ கை பரபரவென்று இருக்கும். ஆறு நாளில் மூன்று பல்லிகளைப் பிடித்தேன். மூன்றும் வாலைத் துள்ளவிட்டுவிட்டு மொட்டையாகத்தான் கையில் நின்றன.

ஏழாம் நாள் மாலையோடு வனத்துறை அனுமதி முடிகிறது. மதியம் ஜீப் வந்துவிடும். காலையிலும் பாறை பாறையாக அலைந்து வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டு வருட உழைப்பு கோவிந்தா என்று அழுகை முட்டியது.

நான் தங்கியிருந்த வீட்டுப் பெண் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வாசலில் பூண்டுக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, மொகம் இப்பிடி வாடிக் கெடக்கு?”

சொன்னேன். பல்லியின் படத்தையும் காட்டினேன்.

“அட, இந்த ஊமைப் பல்லியா! எங்க பூண்டு செட்டுச் செவத்துலயே கெடக்கேக்கா.”

வீட்டுப் பல்லி சொன்னால் போதும், எந்த வேலையானாலும் நிறுத்திவிட்டுத் தரையில் விரலால் தட்டுகிறவர் அவர். இது மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை என்று கவனித்து வைத்திருக்கிறார். ஆறு நாளாக, பூண்டு போட்டுவைக்கும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் நான் பாறைக்குப் போய்வந்தேன்!

ஓடினோம். கல் சுவரில், நீளமான முழு வாலோடு உட்கார்ந்திருந்தது. என் கை தானாக எழுந்தது. பட்டென்று ஓர் அடி விழுந்தது, பல்லிக்கு இல்லை, என் கைக்கு.

“கைய வைக்காதீங்க! வாலப் போட்டுரும். பூண்டு மேல வாலு கெடந்து துடிச்சா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது.”

காலிச் சொம்பு ஒன்றை எடுத்துவந்து, பல்லியின் முகத்துக்கு நேரே சுவரோடு ஒட்டிப் பிடித்தார். அதன் வாலுக்குப் பின்னால் சுவரில் மெல்லத் தட்டினார். பொந்து என்று நினைத்ததோ என்னவோ, தானாகவே உள்ளே நடந்துபோய்விட்டது. தட்டால் மூடி என்னிடம் நீட்டினார்.

“இந்தாங்கக்கா. வெரசா வாங்குங்க, எனக்குச் சோலி கெடக்கு.”

தட்டை லேசாக விலக்கி எட்டிப் பார்த்தேன். வால் முழுசாக இருந்தது! ஆனந்தத்தில் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். இருவர் மேலும் பூண்டு வாசம்.

போன வருடம் கட்டுரை வெளிவந்தது, புது இனம்தான். போனில் சொன்னேன். “புதுசா? நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து இங்கனதானக்கா இருக்கு!” என்று சிரித்தார்.

பல பக்கக் கட்டுரையில் ‘வால் அறுபடாதது, முழுமையானது’ என்று ஒரே ஒரு வரி உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம், என் பரபரத்த கையில் அன்று விழுந்த அந்த அடிக்கு மனதார நன்றி சொல்லிக்கொள்கிறேன்.