பிடுங்காத பருத்தி

காட்டூர் குணசுந்தரிக்கு எதையும் பிடுங்கிப் போட மனசு வராது. கடைவாய்ப் பல் ஆடியபோது பொன்னேரி டாக்டர் "எடுத்துடலாம்மா" என்று சொன்னதுதான் தாமதம், செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தப் பல் இன்றைக்கும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. முறுக்கையும் அந்தப் பக்கமாகத்தான் கடிக்கிறாள்.

இப்படிப்பட்டவள் பருத்தியை மட்டும் வருஷா வருஷம் பிடுங்கவிட்டாள். வழக்கம் அப்படி. மாசி பிறந்து கடைசிப் பஞ்சையும் எடுத்தானதும், கோட்டைக்குப்பத்திலிருந்து நண்டு விற்கும் பிலோமினா வருவாள். செடிகளை வேரோடு பிடுங்கி அடுப்பெரிக்க ஏற்றிக்கொண்டு போவாள். பதிலுக்கு ஒரு கூடை நண்டு. இரண்டு பேருக்கும் சந்தோஷம், செடிக்குத்தான் கேட்க வாயில்லை.

போன வருஷம் கிணற்றோரம் ஒரு செடி தப்பிவிட்டது. மாடு மிதித்து முறிந்த வெறும் கட்டை. அது நாலு மழைக்குப் பிறகு துளிர்த்து, பூத்து, காய்த்து, வெடித்தும்விட்டது. குணசுந்தரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உழவில்லை, விதையில்லை, ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஆள்தான் எங்கே இருக்கிறது? பாதிப் பேர் காட்டுப்பள்ளித் துறைமுக வேலைக்குப் போய்விட்டார்கள். ஆகவே இந்த மாசியில் அரை ஏக்கர் பருத்தியையும் ஒரு சாண் உயரத்துக்கு அறுத்து, கட்டையை மண்ணிலேயே விட்டுவிட்டாள்.

புருஷன் தருமலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய யோசனை வேறு. இறால் பண்ணைக்காரர் ஒருவர் அந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்டிக் குளமாக்கி உப்புத் தண்ணீர் விடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே புல்கூட முளைக்காது. நிலமோ குணசுந்தரிக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்தது.

"எங்க நைனா குடுத்த மண்ணுல உப்புத் தண்ணியா? நடக்கவே நடக்காது" என்றாள்.

"செத்த கட்டைக்குத் தண்ணி கட்டிக்கினு இருக்கறியே, ஊரே சிரிக்குது" என்றார் தருமலிங்கம்.

"பங்குனி பொறக்கறதுக்குள்ள ஒரு துளிராவது வரலைன்னா நானே கையெழுத்து போடறேன், போதுமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குகிற ரகம் இல்லை அவள்.

தினமும் சமையலை முடித்துவிட்டு எட்டு மணிக்கு வயலுக்குப் போவாள். தண்ணீர் கட்டுவாள். குனிந்து ஒவ்வொரு கட்டையாகப் பார்ப்பாள். பத்து நாளாயிற்று, இருபது நாளாயிற்று, பச்சையே கண்ணில் படவில்லை. நிலமெங்கும் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. காசில்லாமல் எரு கிடைத்ததே என்று அதற்கு மட்டும் சந்தோஷப்பட்டாள். மகராசி, அந்தப் புழுக்கை அங்கே எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா?

மாசி கடைசி நாள் வந்தது. தருமலிங்கம் தானே பிலோமினாவுக்குப் போன் போட்டார்.

"எல்லாத்தையும் புடுங்கிக்கினு போம்மா, நண்டுகூட வேணாம்."

காலை ஏழு மணிக்கெல்லாம் பிலோமினா குட்டியானை லோடு வண்டியில் வந்து இறங்கினாள். குணசுந்தரி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

விறகு விஷயத்தில் பிலோமினா லேசுப்பட்டவள் இல்லை. முதல் கட்டையை இழுத்தாள், அசையவில்லை. காலை ஊன்றி இழுத்துப் பிடுங்கினாள். முழங்காலில் வைத்து ஒடித்தாள். ஒடியாமல் வளைந்தது. நகத்தால் தோலைக் கீறினாள், முகர்ந்து பார்த்தாள், தூக்கி எறிந்தாள்.

"இன்னாண்ணா, ஓசின்னு சொல்லி பச்சைக் கட்டையை என் தலையில கட்டப் பாக்கறியே. இது எரியுமா? புகைஞ்சே என் கண்ணு போயிடும். வண்டி வாடகை யார் குடுக்கறது?"

"பச்சையா? இருபது நாளா ஒரு துளிர்கூட வரலையே" என்று இழுத்தார் தருமலிங்கம்.

"வந்துதான் இருக்குது. இந்தக் கணுவைப் பாரு, அந்தக் கணுவைப் பாரு. துளிரு வர வர எதுவோ கடிச்சித் தின்னுட்டுப் போயிருக்குது. ஆட்டுப் பல்லு, நல்லாத் தெரியுதே."

மூன்று பேரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். வயலின் மேற்குக் கோடியில் தருமலிங்கத்தின் நாலு வெள்ளாடுகளும் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. செத்த கட்டைதானே என்று, தினம் விடிந்ததும் அவர்தான் பட்டியைத் திறந்து அங்கே ஓட்டிவிட்டு, எட்டு மணிக்குக் குணசுந்தரி வருவதற்குள் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"வேலியே பயிரை மேயும்னு சொல்வாங்க. இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்" என்றாள் குணசுந்தரி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே அழுகையும் வந்துவிட்டது.

தருமலிங்கம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டினார். முள் வெட்டி வந்து வேலியில் இருந்த இடைவெளியை அடைத்தார். அந்த நேரம் பார்த்து இறால் பண்ணைக்காரரிடமிருந்து போன் வந்தது. நிலத்தை அளக்க நாளைக்கு வரலாமா என்று கேட்டார். தருமலிங்கம் பொண்டாட்டியை ஒரு தரம் பார்த்தார், கட்டைகளை ஒரு தரம் பார்த்தார்.

"வேணாங்க" என்றார். "நெலத்துல பயிர் நிக்குது."