ஒர்பா பூட்டிய கடல்

மிசோல் தீவில் ஒர்பா கூப்பிட்டால் அக்கரையில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலால்தான் ஊர்க்கடலுக்குப் பூட்டு விழுந்தது. சிங்கி இறால் அருகிவருவதைக் கண்டு, பெண்கள் சங்கத்தைத் திரட்டிக்கொண்டு போதகரிடம் போனாள். ஞாயிறு ஆராதனையில் ஜெபித்து, விரிகுடா வாயில் கம்பு நட்டு, 'சசி' என்ற தடை போட்டார்கள். சபை மறுபடி ஜெபித்துத் திறக்கும்வரை அங்கே யாரும் முங்கக் கூடாது. காவல் படகில் சுற்றியதும் ஒர்பாதான். திருட்டுத்தனமாக முங்க வந்த சொந்தக் கொழுந்தனையே துடுப்பை ஓங்கி விரட்டினாள்.

அந்த நேரம் பார்த்து மகன் யெப்தாவுக்குச் சோரோங் நகரத்தில் பெண் அமைந்தது. "சிங்கி ஊருக்கு வர்றோம், விருந்துக்கா பஞ்சம்!" என்று சம்பந்தி வீட்டார் சொல்லியனுப்பினார்கள். கல்யாணத் தேதியோ பூட்டு திறப்பதற்கு முன்னால்.

ஒர்பா போதகர் முன் போய் நின்றாள். "ஒரே ஒரு காலை மட்டும் திறங்க ஐயா."

"திறந்துடலாம்மா. உன் கொழுந்தனுக்கு நீயே பதில் சொல்லிடுவியா?"

ஒர்பா வந்த வழியே திரும்பி நடந்தாள்.

மறுநாள் முனையைச் சுற்றித் துடுப்புப் போட்டுக்கொண்டு பக்கத்து முஸ்லிம் கிராமத்துக்குப் போனாள். சந்தைத் தோழி சவுதா விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அடிப்பாவி! பூட்டினதும் நீ, சாவி தேடி அலையறதும் நீயா?"

"சிரிச்சது போதும்டி. கோழியைப் போட்டா சம்பந்தியம்மா மூஞ்சி கோணிக்கும்."

"எங்க கடல் திறந்துதானே கிடக்கு. வா, முங்கு."

காலை முழுக்க இருவரும் முங்கினார்கள். கூடையின் அடிதான் நிறைந்தது. சவுதாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. "எங்க பக்கமும் வத்திடுச்சுடி. நான்தான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

கிடைத்ததைப் பொடியாக நறுக்கிக் குழம்பில் கலந்து கல்யாணத்தை ஒப்பேற்றினார்கள். விருந்துக்கு வந்திருந்த சவுதா ஊர் இமாமின் எதிரில் ஒர்பா போய் உட்கார்ந்தாள். "உங்க கடலையும் பூட்டிடுங்க இமாம். எங்களது திறந்ததும் உங்க ஜனங்க இங்க வந்து பிடிக்கட்டும்."

"உங்க போதகர் ஒத்துக்கணுமே?"

"அவரை நான் பார்த்துக்கறேன்."

அடுத்த ஜும்மாவில் துஆ ஓதி அந்தக் கடலையும் பூட்டினார்கள். இப்போது ஒரு விரிகுடா மூடியிருந்தால் மற்றது இரண்டு ஊருக்கும் திறந்திருக்கிறது. காவலும் பொதுதான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தொழுகை நேரத்தில் ஒர்பாவின் படகு சுற்றும். ஞாயிறு காலை சவுதாவின் முறை.

"ஜெபத்தைச் சுருக்கமா முடிச்சுட்டு வாடி, வெயில் மண்டையைப் பொளக்குது!" என்று அவள் கத்துவது தேவாலயத்துக்குள் எல்லோருக்கும் கேட்கும்.