மண்டபத்தில் நான் பிடுங்கிய பிளக்

கீரனூர் ரோட்டில் கல்யாண மண்டபம், ஓர் அரிசி மில், இரண்டு போர்வெல் லாரி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் தனியாளாக இவ்வளவும் உண்டாக்கினான் என்றால் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்கள் வந்து பார்க்கட்டும். வெறும் பாறை என்று மற்றவர்கள் கைவிட்ட இடத்தில் தண்ணீர் எடுத்தவன் நான். ஆனால் என் மகன் வயிற்றுப் பேத்தியை ஒரு வகுப்பில் உட்காரவைக்க என்னால் முடியவில்லை.

எட்டு வயது. திடீரென்று கடிப்பாள், கையில் கிடைத்ததை எறிவாள். முதலில் படித்த பள்ளியில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியும் அனுப்பிவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. அந்தச் சமயத்தில்தான், இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கையாளப் புதிய தமிழ் டீச்சர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று கல்வி ஆபீஸிலிருந்து இடம் தேடி வந்தார்கள். பேத்தியின் புது டீச்சரும் அதில் உண்டு என்று விசாரித்துக்கொண்டுதான் மண்டபத்தைத் திறந்துவிட்டேன். காரணமில்லாமல் நான் எதையும் செய்கிறவன் இல்லை.

மண்டபம் என்றால் எனக்குத் தெரிந்தது கல்யாணம்தான். வாசலில் வாழை மரம், சவுண்ட் செட்டில் நாதஸ்வரம், பட்டுப்பாவாடை கட்டிய பேத்தியின் கையில் பன்னீர்ச் செம்பு. அவள் தெளிக்கத் தெளிக்க டீச்சர்களின் மனம் இளகும் என்பது என் திட்டம். மூன்று பேருக்குத் தெளித்தாள். நான்காவது ஆள் மேல் செம்பே பறந்தது. பிடிக்க வந்த பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். நான் அடிக்கக் கையை ஓங்கினேன்.

கடிபட்டவர்தான் அந்தப் புது டீச்சர். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, கைய எறக்குங்க. மொதல்ல அந்த செட்ட நிறுத்தச் சொல்லுங்க. புள்ளைக்குத் தாங்கல."

நான் கத்தியது செட்டுக்காரர் காதில் விழவில்லை. ஓடிப்போய் பிளக்கை நானே பிடுங்கினேன். டீச்சர் கையை முந்தானையால் சுற்றிக்கொண்டு, அவளுக்கு ஆறடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பேத்தி தானாகவே நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவளை அடங்காப்பிடாரி என்றுதான் நினைத்திருந்தேன்.

பயிற்சி கொடுக்க வந்த அம்மா அதையே பாடமாக்கிவிட்டார். தாங்கவில்லை என்று சொல்ல வார்த்தை வராத பிள்ளைதான் கடிக்கும், அந்த வார்த்தையை முதலில் கொடுங்கள் என்றார். மூன்று நாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்தது அவ்வளவுதான்.

டீச்சர் ஓர் அட்டையில் 'போதும்' என்று எழுதிக் கொடுத்தார். பேத்தி முதலில் எழுதப் பழகியது அதைத்தான். இப்போது நான் போனில் கத்தினால் அந்த அட்டையைத் தூக்குகிறாள்.

"ஐயா, இங்கிட்டு பாரு."

வாயை மூடிக்கொள்கிறேன். மில்லில் எவனும் என்னை அப்படி நிறுத்தியதில்லை. இந்த வருஷம் முழுசாகப் பள்ளிக்குப் போனாள், டி.சி. பேச்சே எழவில்லை. டீச்சர் கையில் பல் தழும்பு இன்னும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன்.

அந்தப் பயிற்சியைப் பற்றிச் சின்னப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதில், 'சத்தம் நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி. யார் நிறுத்தியது? செட்டு போடச் சொன்னதும் நான், பிளக்கைப் பிடுங்கியதும் நான். அடுத்த முறை அச்சடிக்கும்போது இரண்டையும் போடுங்கள்.