பாங்கொக்கில் அவர் இருந்த பதினொரு மாதம்

என் கணவருடைய வாழ்க்கையை நான் பாடமாக்கித்தான் சுவிசுக்கு வந்தேன். நாலு பூல்ஸ்கேப் தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. கொழும்பில் எனக்கு விசா இன்ரவியூ வருவதற்கு ஒரு மாதம் முன்னால், தெரிந்தவர் ஒருவரின் கையில் அவர் கொடுத்து அனுப்பியிருந்தார். எந்தத் திகதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டார், எங்கே ஒளிந்திருந்தார், எப்படி விமானம் ஏறினார் என்று எல்லாம் அதில் இருந்தது. சுவிசில் அகதியாகப் பதிந்தபோது அவர் அதிகாரியிடம் சொன்ன கதை அது. அவர் சொன்னதும் நான் சொல்வதும் கொஞ்சம் பிசகினாலும் விசா கிடைக்காது என்று கடைசித் தாளின் அடியில் கோடு கீறி எழுதியிருந்தார். மருந்துக்குக்கூட ஒரு அன்பான வரி அதில் இல்லை. நான் படிப்பில் கெட்டிக்காரி. இன்ரவியூவில் கேட்ட எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். விசாவும் கிடைத்தது.

அந்தத் தாள்களின்படி, எங்களுக்குக் கல்யாணப் பதிவு, நாங்கள் எழுத்து என்போம், முடிந்து ஐந்தாம் வாரம் வெளிக்கிட்டவர், பதினொரு மாதம் கொழும்பில் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தார். யன்னல் திறக்க முடியாது, வெளியே போக முடியாது, கடிதம் போட வழியில்லை. எனக்கு அதை நம்புவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அந்தப் பதினொரு மாதமும் அவரிடமிருந்து எனக்கு ஒரு வரி வரவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தேன். பிறகு சுவிசிலிருந்து கடிதம் வந்தபோது, அவர் பட்ட பாட்டுக்கு முன்னால் என் பட்டினி ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருக்கும் சுவிஸ் நகரமான ஷாஃப்ஹவுசனில் அவர் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்திருப்பவரைப்போல ஆள். வேலை, வீடு, திருவிழா என்றால் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பது, இவ்வளவுதான். நான் அதற்கு நேர்மாறு. எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவருடைய சமையலறையில் வேலை செய்யும் போர்த்துக்கல்காரி கிறிஸ்மஸுக்கு அவருக்கு ஒரு பெட்டி சொக்கலேற் கொடுத்தபோது, அதை நான் பிள்ளைகளுக்கும் கொடுக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். என் மகள் கேலி செய்வாள். "அப்பாவிலை சந்தேகமோ அம்மா?" என்பாள். சந்தேகம் வேறு, பொறாமை வேறு என்று அவளுக்கு விளங்கப்படுத்த முயன்றிருக்கிறேன். அவர் எனக்குத் துரோகம் செய்வார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்குக் கிடைக்காத ஒரு சிரிப்பு வேறு ஒருவருக்குக் கிடைப்பதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

2015இல் எங்கள் எழுத்துக்கு இருபத்தைந்து வருடம் ஆனது. மகளும் மகனும் காசு சேர்த்து எங்களுக்கு ஒரு கடித உறையைத் தந்தார்கள். உள்ளே பாங்கொக்குக்கு இரண்டு டிக்கெட், ஹோட்டல், முதல் நாள் மாலை ஜேர்மன் பேசும் வழிகாட்டியோடு பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்கும் பயணம். நான் துள்ளிக் குதிக்காத குறை. அவர் அந்தக் கடதாசியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "வேறை இடம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். பிள்ளைகளின் முகம் விழுந்துபோனது. கஞ்சத்தனம் என்று நினைத்து அவரை அன்று நன்றாக ஏசினேன்.

வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க தாய்லாந்துப் பெண். மெல்லிய உடம்பு, கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எங்களோடு சேர்த்து எட்டுப் பேர், நாலு டுக்டுக். எங்களூர் ஓட்டோவின் அக்காதான், கொஞ்சம் மினுக்கல் கூட. எங்கள் குழுவில் பேர்ன் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான சுவிஸ் தம்பதியும் இருந்தார்கள். ஆற்றங்கரையில் நின்று, அக்கரைக் கோயில் கோபுரத்தில் விளக்கு ஏறுவதைப் பார்த்தோம். படிக்கட்டுகளில் வெயில் சூடு இன்னும் இருந்தது. வழிகாட்டி அரசர்களைப் பற்றிச் சொன்னாள், கோபுரத்தில் பதித்த பீங்கான் துண்டுகளைப் பற்றிச் சொன்னாள். நான் காது கொடுத்துக் கேட்டேன். அவர் கோபுரத்தைப் பார்க்கவில்லை. ஆற்றில் போகும் சரக்குத் தோணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பூச்சந்தை. டுக்டுக்கால் இறங்கியதும் வழிகாட்டி எங்களை எண்ணத் தொடங்கினாள். எட்டுக்கு ஏழு. பார்த்தால் இவர் முன்னால் போய்விட்டார். அவள் கூட்டிப்போக இருந்த அதே ஒழுங்கைக்குள், யாரிடமும் கேட்காமல் திரும்பி நடந்துகொண்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அவர் கையைத் தொட்டாள். இவரும் சிரித்தார். ஷாஃப்ஹவுசனில் இருபது வருடத்தில் நான் காணாத சிரிப்பு அது. எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. கோபத்தை வழிகாட்டியின் கட்டைப் பாவாடைமீது போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன்.

சந்தையின் கடைசியில் ஒரு நூடுல்ஸ் கடை. பிளாஸ்டிக் வாங்குகளில் இருந்தோம். கடைக்காரி எங்கள் முன்னால் கிண்ணங்களை வைத்துக்கொண்டு போகும்போது, இவர் அவளிடம் ஏதோ சொன்னார். ஜேர்மனும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கடைக்காரி கையில் இருந்த அகப்பையோடு திரும்பி நின்று பெரிதாகச் சிரித்தாள். இவர் இன்னொன்று சொன்னார். பக்கத்தில் கூடையோடு இருந்த இரண்டு ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. என் புருஷன் நான் அறியாத ஒரு பாஷையில் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி கண்ணை அகல விரித்தாள். தாய்லாந்து மொழி எங்கே படித்தீர்கள் என்று அவரிடம் ஜேர்மனில் கேட்டாள்.

"இந்தச் சந்தையில்தான்," என்று அவரும் ஜேர்மனில் சொன்னார். "பதினொரு மாதம் இங்கே இருந்தேன்."

பேர்ன்காரர்கள் கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் கேட்கக் கேட்க இவர் சொன்னார். சந்தைக்குப் பின்னால் ஒரு அறையாம். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் ஒன்பது பேரை அதில் விட்டிருந்தானாம். மற்ற எட்டுப் பேரும் பொலிசுக்குப் பயந்து உள்ளேயே கிடக்க, இவர் மட்டும் விடிய முன்னம் எழும்பி மல்லிகைக் கூடை தூக்கப் போனாராம். கூடை தூக்குகிற பெடியன்களோடு சேர்ந்து பாஷை வந்ததாம். வேலை முடிந்ததும் ஆற்றில் குளிப்பாராம். ஒருமுறை கூடையோடு தண்ணீருக்குள் விழுந்து, மிதந்த பூவையெல்லாம் நீந்தி நீந்திப் பொறுக்கிய கதையைக் கைகளை வீசிச் சொன்னார். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

நான் கிண்ணத்தைப் பிடித்தபடி இருந்தேன். இருபத்தைந்து வருடமாக என் புருஷனாக இருந்தவரின் கதையைப் பேர்ன்காரர்களோடு வரிசையில் இருந்து, ஜேர்மனில், முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சில சொற்கள் எனக்குத் தெரியாதவை. அவரிடம் அர்த்தம் கேட்க வெட்கமாக இருந்தது.

பேர்ன்காரி என் தோளைத் தட்டி, "நீங்கள் இந்தக் கதைகளை எத்தனையோ தரம் கேட்டிருப்பீர்கள், அலுத்திருக்கும்," என்றாள்.

"ஓம், எல்லாம் எனக்குப் பாடம்," என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் நான் அங்கே இருப்பது அவருக்கு நினைவு வந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில்தான் வாயைத் திறந்தேன்.

"எத்தினை பொம்பிளையள்?" என்றேன்.

"சீ. ஒருத்தியும் இல்லை."

"கொழும்பிலை அறைக்கை கிடந்தனெண்டு சொன்னது?"

"அது ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்தது. பாங்கொக் எண்ட பேரே வரக்கூடாதெண்டவன். ஊரிலை நடந்ததெல்லாம் உண்மைதானே, வந்த வழி மட்டும்தான் மாறினது."

"நான் என்ன அதிகாரியோ? எனக்குமோ அந்தக் கதை?"

அவர் பாணைப் பிய்த்துக்கொண்டு இருந்தார். "உமக்கு இன்ரவியூ இருந்தது. நீர் வேறை மாதிரிச் சொல்லிப்போட்டால் பிழைச்சுப்போகும். பிறகு நீர் வந்திட்டீர். இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன். பிறகு பிந்திப்போச்சு."

"சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் எடுத்தும் எத்தினை வருசம்?"

அவர் இன்னொரு துண்டுப் பாண் எடுத்தார். ஒருத்தியும் இல்லை என்று அவர் சொன்னதை நான் நம்பினேன். நம்பியதுதான் இன்னும் மோசம். ஒரு பெண் இருந்திருந்தால் திட்டித் தீர்க்க எனக்கு ஓர் ஆள் இருந்திருக்கும். இது ஒரு சந்தை, ஓர் ஆறு, பத்துப் பதினைந்து கூடைக்காரர்கள். இவர்களோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பது? இவர் ஆற்றில் நீந்திக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமைகளில் நான் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தேன் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

சுவிசுக்குத் திரும்பி வந்தபிறகும் நான் விடவில்லை. ஷாஃப்ஹவுசன் வீட்டில், அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே விசாரணை தொடங்கிவிடும். அந்த அறையில் எத்தனை பாய்? யார் சமைத்தது? என்ன படம் பார்த்தீர்கள்? அவரை அன்று விசாரித்த அதிகாரிகூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார். கேட்கக் கேட்க அவருக்கும் கதை வந்தது. வெட்கத்தைவிட்டு ஒன்று சொல்கிறேன். அவர் அப்படிக் கதைத்தது எனக்குப் பிடித்திருந்தது. வயிறும் எரிந்தது, கேட்கவும் ஆசையாக இருந்தது.

மூன்றாவது கிழமை என்று நினைக்கிறேன். சமையலுக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு இருந்தேன். ஏதோ நினைவில் கேட்டேன்.

"பதினொரு மாசமும் பறக்க ஒரு வழியும் வரேல்லையோ?"

நான் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஐஞ்சாம் மாசம் வந்தது," என்றார்.

"பிறகு?"

"அனுப்பிற ஆக்களிலை என்ரை பேர்தான் வந்தது. நான் என்ரை இடத்தை அறையிலை இருந்த இன்னொரு பெடியனுக்குக் குடுத்திட்டன். அவனுக்கு அவசரம் எண்டு சொன்னன்."

"அவனுக்கு அவசரமோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அங்கை என்னட்டை ஒருத்தரும் ஒண்டையும் எதிர்பார்க்கேல்லை. கூடை தூக்கினால் சாப்பாடு. அவ்வளவுதான். இஞ்சை வந்தால் வேலை தேடவேணும், காசு அனுப்பவேணும், தங்கச்சியளின்ரை கலியாணம், உம்மைக் கூப்பிடவேணும். கொஞ்சம் இருந்திட்டுப் போவம் எண்டு நினைச்சன்."

"ஆறு மாசம்."

"ஓம். ஆறு மாசம்."

அவரைத் தடுத்து வைத்திருந்தார்கள் என்றுதான் நான் அத்தனை வருடமும் நினைத்தேன். ஐந்து மாதம்தான் தடுத்து வைத்திருந்தார்கள். மற்ற ஆறு மாதமும், எழுத்து முடித்த பெண் ஒருத்தி காத்துக்கொண்டு இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே, தன் விருப்பத்தில் இருந்திருக்கிறார்.

அந்தக் கிழமை முழுவதும் அவருக்குச் சாப்பாடு போட்டேன், முகம் கொடுக்கவில்லை. ஒரு நாள் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குத் தனியாகப் போனேன். சாமி கும்பிடவும் மனம் வரவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் ஒரு யன்னல் சீற்றில் இருந்து யோசித்தேன். அவர் என்னை வேண்டாம் என்று இருக்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று நினைத்தவர் அந்த ஆறு மாதத்தோடு நிறுத்திக்கொண்டு வந்திருக்கவும் மாட்டார், என்னைக் கூப்பிட்டிருக்கவும் மாட்டார். அப்படியென்றால் இன்னும் எது எரிகிறது என்று என்னையே கேட்டேன். வின்டர்தூருக்குக் கிட்ட வரும்போதுதான் விளங்கியது. அப்பா வீட்டிலிருந்து நேராக இவருடைய சமையலறைக்கு வந்தவள் நான். நடுவில் எனக்கென்று ஒரு நாள்கூட இருக்கவில்லை. ஐந்தாம் மாதம் என் பெயர் வந்திருந்தால் நானும் அதை யாருக்காவது கொடுத்திருப்பேன். நான் யார்மீது இத்தனை நாள் பொறாமைப்பட்டேன் என்றால், வழிகாட்டிமீதும் இல்லை, நூடுல்ஸ்காரிமீதும் இல்லை. இவர்மீதுதான்.

அடுத்த வருடம், நான் துப்புரவு வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை தொடங்கியபோது, பாங்கொக்குக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். ஒன்றுதான். மகளுக்கு மட்டும் போகும் நாளையும் வரும் நாளையும் சொல்லி, வரும் நாளைப் பற்றி அப்பாவிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். கோயிலில் கேள்விப்பட்டவர்கள் வாய்க்கு வந்தபடி கதைத்தார்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்றார்கள், புருஷனோடு பிரச்சினை என்றார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

ஷாஃப்ஹவுசன் ரயில் நிலையத்துக்கு அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயிலில் ஏற்றி, மேல்தட்டில் வைத்து, இறங்கி மேடையில் நின்றார். கதவு மூட முன்னம் கேட்டார்.

"எப்ப வருவீர்?"

திரும்பி வரும் திகதி டிக்கெட்டில் இருந்தது. எனக்கு அது மனப்பாடம்.

"தெரியாது," என்றேன். "இருந்து பாருங்கோ."

கதவு மூடியது.